கன்னியாகுமரி மாவட்ட மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்: அந்த மாத்திரைய குடுக்க முன்னாடி ஒருக்கா கேளுங்க

களியக்காவிளைலருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும், குளச்சல் முட்டம் தேங்காப்பட்டணம் கடப்புறத்துலயும் குலசேகரம் அருமனை மலையோரத்துலயும் மருந்து கடை வச்சிருக்கிற அண்ணாச்சிமாருக்கும், கவுண்டர்ல நாள் பூரா நின்னு மாத்திரை எடுத்து குடுக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நான் நர்ஸ் வேல பாத்தவ. ஊர்ல கொஞ்ச காலம், அப்புறம் கல்ஃப்ல ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ரொம்ப காலம், இப்போ ரிட்டயர் ஆகி தக்கலை பக்கம் வீட்டோட இருக்கேன். இந்த விஷயத்த ஒரு பொம்பள எழுதலாமான்னு யாராவது கேட்டா, கேஷுவாலிட்டில வேல பாத்தவளுக்கு அந்த கூச்சமெல்லாம் எப்பவோ போயிட்டு, ஆளு பொழைக்கணும் அவ்வளவுதான்.

விஷயம் விறைப்பு சரியா வரலன்னு ஆம்பளைங்க வாங்குற அந்த மாத்திரை பத்தி. சில்டெனாஃபில், டடாலாஃபில். கம்பெனிக்கு கம்பெனி ஒரு பேர் இருக்கு, ஜனங்க எல்லாத்தையும் வயாகரான்னுதான் சொல்லுவாங்க. அத விக்காதீங்கன்னு சொல்ல நான் வரல. அது நல்ல மருந்து, தேவைப்படுறவங்களுக்கு அது ஒரு பெரிய நிம்மதி, அத வாங்குறது ஒரு கேவலமும் கிடையாது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த மாத்திரைய கைல குடுக்க முன்னாடி, "நெஞ்சு வலிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை பையில இருக்கா"ன்னு ஒருக்கா கேளுங்க.

ஏன் டாக்டர விட்டுட்டு உங்ககிட்ட கேக்குறேன்னா, டாக்டர்கிட்ட அந்த ஆளு சொல்லுறதே இல்லயே. சுகருக்கு பாக்குற டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாரு, நெஞ்சுக்கு பாக்குற டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாரு, பொண்டாட்டிகிட்டயே பாதி பேரு சொல்லுறது கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லருந்து வீட்டு வாசலுக்கே பிபி மாத்திரை சுகர் மாத்திரை கொண்டு வர்றாங்க, நல்ல திட்டம், ஆனா கொண்டு வர்றது அதே ஊர்ல இருக்கிற ஒரு அக்காவோ தங்கச்சியோ, அவகிட்ட போய் இத சொல்லுவாரா? சொல்ல மாட்டாரு. அப்போ கணக்கு பாத்தீங்கன்னா அவரு இந்த மாத்திரை போடுறாருன்னு தெரிஞ்ச ஒரே ஆளு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற நீங்க மட்டும்தான்.

அது எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். கடைக்கு வருவாரு, கூட்டம் இருந்தா ஓரமா நின்னு போன் பாப்பாரு, எல்லாரும் போன பெறகு மொதல்ல ஒரு டோலோ கேப்பாரு, அப்புறம் ஒரு கேஸ் மாத்திரை, கடைசில குரல தாழ்த்தி "அந்த நூறு ஒண்ணு"ம்பாரு. கடைல தங்கச்சி நின்னா அதும் கேக்காம போயிட்டு தம்பி வர்ற நேரம் பாத்து வருவாரு. நீங்களும் அவருக்கு சங்கடம் வேண்டாம்னு பட்டுனு கத்திரிய எடுத்து அட்டைல ஒரு மாத்திரைய வெட்டி, பேப்பர்ல சுத்தி நீட்டிருவீங்க. இந்த மொத்த வியாபாரமும் 20 செகண்ட்ல முடிஞ்சிரும். அவர் மானத்த காப்பாத்த நீங்க காட்டுற அந்த அவசரத்த நான் குத்தம் சொல்லல, ஆனா அந்த 20 செகண்டுக்குள்ள ஒரு கேள்வி வேணும்.

இன்னொண்ணு, அந்த கத்திரி. அட்டைய வெட்டும்போது பேரு ஒரு பக்கம் போயிரும், எக்ஸ்பைரி ஒரு பக்கம் போயிரும், அவர் சட்டைப் பையில கெடக்குறது வெறும் பளபளன்னு ஒரு துண்டு. நாளைக்கு அவரு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரில கொண்டு போட்டா, பையில இருந்து அந்த துண்ட எடுத்து பாக்குற டாக்டருக்கு அது என்ன மாத்திரைன்னே தெரியாது. தயவுசெஞ்சு பேரு இருக்கிற பக்கமா வெட்டுங்க, இல்லன்னா கவர்ல பேனாவால மாத்திரை பேரையும் எத்தன மில்லிகிராம்ங்கிறதையும் எழுதிருங்க.

சரி, நெஞ்சு மாத்திரைய பத்தி மட்டும் ஏன் இவ்வளவு கேக்குறேன்னு சொல்லிருறேன். சார்பிட்ரேட், மோனோட்ரேட், நைட்ரோகான்டின், இதெல்லாம் நைட்ரேட் வகை. ஒடம்புக்குள்ள போயி நைட்ரிக் ஆக்சைடா வேல செஞ்சு ரத்தக் குழாய விரிக்கும், அப்படித்தான் நெஞ்சு வலி குறையுது. குழாய் விரியணும்னா ஒடம்புல சிஜிஎம்பின்னு ஒரு பொருள் கூடணும். சில்டெனாஃபில் வகை மாத்திரை என்ன பண்ணுதுன்னா, அந்த சிஜிஎம்பிய அழிக்கிற பிடிஇ5ங்கிற என்சைம தடுத்துருது. ஒரு தொட்டில ஒரு ஆளு பைப்ப முழுசா தொறந்து விடுறான், இன்னொரு ஆளு கீழ வெளிய போற ஓட்டைய அடச்சு வச்சிருக்கான், தண்ணி எங்க போகும்? அதுபோலதான், ரெண்டும் சேந்தா ஒடம்பு பூரா குழாய் விரிஞ்சு பிரஷர் தடதடன்னு எறங்கிரும், எந்த அளவுக்குன்னா மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் பத்தாம போற அளவுக்கு. ஏற்கெனவே அடைப்பு இருக்கிற இதயத்துக்கு அது தாங்காது.

சில்டெனாஃபில மொதல்ல ஆராய்ச்சி பண்ணதே நெஞ்சு வலிக்கு மருந்தா வருமான்னுதான். 1998ல அமெரிக்கால இதுக்கு அனுமதி குடுத்தப்பவே நைட்ரேட்டோட சேக்கவே கூடாதுன்னு எச்சரிக்கை போட்டுத்தான் குடுத்தாங்க. கம்மியா போட்டா பரவால்ல, பாதி மாத்திரை போட்டா பரவால்லங்கிற பேச்சே இதுல கிடையாது. சில்டெனாஃபில் போட்டா அடுத்த 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் கூடாது, டடாலாஃபில் போட்டா 48 மணி நேரம், ஏன்னா அது ஒடம்ப விட்டு பைய பையத்தான் எறங்கும். சனிக்கிழம ராத்திரி டடாலாஃபில் போட்டவரு திங்கக்கிழம காலைல தேவாலயமோ கோயிலோ சந்தையோ எங்கயோ நிக்கும்போது அது மறந்தே போயிருக்கும், ஆனா மருந்து உள்ள இருக்கு.

நிக்கோராண்டில்னு இன்னொரு நெஞ்சு வலி மாத்திரை இருக்கு, அதையும் கவனிங்க. பேர்ல நைட்ரேட்னு எங்கயும் வராது, ஆனா அதுக்குள்ள நைட்ரேட் வேல பாக்குது. அதும் அதே தடைதான்.

இப்போ நீங்க சொல்லுவீங்க, நெஞ்சு மாத்திரை போடுறவரு எத்தன பேரு இத வாங்க வருவாங்கன்னு. இங்கதான் எனக்கு ரொம்ப பயம். நம்ம ஊர்ல சார்பிட்ரேட்ங்கிறது நோயாளி கைல மட்டும் இருக்கிற மாத்திரையா என்ன? எந்த வீட்டுலயாவது ஒரு மாமாவோ அப்பாவோ ஆஞ்சியோ பண்ணிருப்பாரு, அவரு பர்ஸ்ல ரெண்டு மாத்திரை இருக்கும், யாருக்கு நெஞ்சு பிடிச்சாலும் "இந்தா நாக்குக்கு அடியில வை"ன்னு குடுக்கிற பழக்கம் எல்லா தெருவுலயும் இருக்கு. நல்ல மனசோட குடுக்கிறாங்க. ஆனா வாங்குறவரு ரெண்டு மணி நேரம் முன்னாடி என்ன போட்டாருன்னு குடுக்கிறவருக்கு தெரியாது.

எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல அப்படி ஒண்ணு நடந்துச்சு. அம்பது வயசு தாண்டின மனுஷன், ராத்திரி நேரம் நெஞ்சு என்னவோ பண்ணுதுன்னு எந்திச்சிருக்காரு, பக்கத்து வீட்டு மச்சினன் ஓடி வந்து தன்னோட சார்பிட்ரேட் ஒண்ண நாக்குக்கு அடியில வச்சிருக்காரு, அஞ்சு பத்து நிமிஷத்துல ஆளு திண்ணைல சரிஞ்சிட்டாரு. நான் போறப்போ சட்ட நனஞ்சு ஒட்டிக் கெடக்கு, கை ஜில்லுனு இருக்கு, நாடி தேடி பிடிக்க வேண்டியிருக்கு, என் பிபி மெஷின் மேல 70ன்னு காட்டுது. கால தூக்கி நாற்காலி மேல வச்சேன். எல்லாரும் அட்டாக்கு அட்டாக்குன்னு அழுறாங்க, ஒருத்தர் இன்னொரு சார்பிட்ரேட் குடுப்போமான்னு கேக்குறாரு. வீட்டுக்கார அம்மாவ போர்வ எடுக்க உள்ள அனுப்பிட்டு, அவர் காதுல மெல்ல "இன்னைக்கு ராத்திரி வேற ஏதும் மாத்திரை போட்டீங்களா, ஆம்பளைங்க மாத்திரை"ன்னு கேட்டேன். கண்ண மூடிட்டே ஆமான்னு தலைய ஆட்டுனாரு. சட்டைப் பையில அந்த பளபள துண்டு இருந்துச்சு, பேரு இல்லாம.

108 வந்ததும் அவங்ககிட்ட சொன்னேன், ஆஸ்பத்திரிலயும் சொல்ல வச்சேன், அவங்க நைட்ரேட் பக்கமே போகாம சலைன் ஏத்தி பிரஷர தூக்கி எடுத்தாங்க. பொழச்சிட்டாரு. பின்னால ஆஞ்சியோ பண்ணப்போ ஒரு குழாய்ல அடைப்பு இருந்துச்சு. அந்த ரெண்டாவது சார்பிட்ரேட் அன்னைக்கு வாய்க்குள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு தூக்கம் வராது.

நான் வேல பாத்த ஆஸ்பத்திரில நெஞ்சு வலின்னு எந்த ஆம்பள வந்தாலும் நைட்ரேட் குடுக்க முன்னாடி இந்த மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறது வழக்கம், வயசு 30 ஆனாலும் 75 ஆனாலும், சாமியாரோ பாதிரியாரோ யாரா இருந்தாலும் ஒரே கேள்விதான், முகத்த சாதாரணமா வச்சு கேட்டா அவங்களும் சாதாரணமா பதில் சொல்லுவாங்க. நம்ம ஊர் கிளினிக்குலயும் ஆம்புலன்ஸ்லயும் இந்த கேள்வி எல்லா இடத்துலயும் கேக்குறாங்கன்னு நம்பி இருந்துற முடியாது. அதனால வாங்குறவர்கிட்ட நீங்க சொல்லி அனுப்புங்க: "நெஞ்சு வலி வந்தா யாரு குடுத்தாலும் சார்பிட்ரேட் வைக்காதீங்க, 108 கூப்பிடுங்க, இந்த மாத்திரை போட்டத மொதல்ல சொல்லுங்க." நம்ம அரசாங்கம் 2023லருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இதயம் காப்போம் திட்டத்துல நெஞ்சு வலின்னு வர்றவங்களுக்கு குடுக்குற மாத்திரைல ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் இதுதான் இருக்கு, நைட்ரேட் இல்ல, அதனால இந்த மாத்திரை போட்டவருங்கிறதுக்காக அங்க போக பயப்பட வேண்டியதில்ல.

நெஞ்சு மாத்திரைதான் மொதல் விஷயம், ஆனா அது மட்டும் இல்ல. அறுவது தாண்டினவங்க நெறய பேரு மூத்திரம் சரியா போகலன்னு டாம்சுலோசின் போடுறாங்க, பிபிக்கு பிரசோசின் போடுறவங்களும் உண்டு. இது ஆல்ஃபா பிளாக்கர் வகை, இதுவும் குழாய தளத்தும். ராத்திரி இது ஒண்ணு, கூட நூறு மில்லிகிராம் சில்டெனாஃபில் ஒண்ணு, கொஞ்சம் பிராந்தியும் உள்ள போச்சுன்னா, நடு ராத்திரி பாத்ரூமுக்கு எந்திச்சு நின்ன ஒடனே கண்ண இருட்டி விழுவாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சா அந்த வயசுல படுக்கைதான். டாம்சுலோசின் போடுறவருக்கு இது கூடவே கூடாதுன்னு இல்ல, ஆனா டாக்டர் பாத்து 25 மில்லிகிராம்ல தொடங்கணும், எடுத்த எடுப்புல நூறு குடுக்கப்படாது. அதே மூத்திரப் பிரச்சனைக்கு டடாலாஃபில் 5 மில்லிகிராம் தெனமும் போடச் சொல்லி எழுதுறதும் உண்டு, அவருக்கு அது எந்த வகை மாத்திரைன்னே தெரியாது, அது போதாதுன்னு உங்ககிட்ட வந்து சில்டெனாஃபிலும் வாங்குவாரு. அவரு பழைய சீட்டு உங்க கடைலதான இருக்கு, ஒரு பார்வ பாத்துக்கிடுங்க.

நம்ம ஊர் ஈரக் காத்துக்கு படர்தாமரை ஒரு தீராத தொல்ல, ரப்பர் பால் வெட்டுறவங்களும் வள்ளத்துல போறவங்களும் எந்நேரமும் நனஞ்ச துணிதான், இட்ராகோனசோல் கேப்சூல் வாரக் கணக்குல திங்கிறாங்க. கல்லீரல்ல சிஒய்பி3ஏ4ன்னு ஒரு என்சைம்தான் சில்டெனாஃபிலயும் டடாலாஃபிலயும் ஒடச்சு வெளியேத்துது, இட்ராகோனசோலும் கீட்டோகோனசோலும் அத முடக்கிப் போட்டுரும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கும் அதே கதைதான். எரித்ரோமைசினோட சேந்தா சில்டெனாஃபில் ஒடம்புல ஏறக்கொறைய மூணு மடங்கா நிக்கும்னு அளந்து பாத்திருக்காங்க. அம்பது போட்டவரு நூத்தம்பது போட்டவரு மாதிரி ஆயிருவாரு. எச்ஐவிக்கு குடுக்குற ரிட்டோனவிர் இன்னும் மோசம், பத்து மடங்குக்கு மேல ஏத்திரும், அவங்களுக்கு 48 மணி நேரத்துக்கு 25 மில்லிகிராமுக்கு மேல கூடாது. அவங்க உங்ககிட்ட வந்து எச்ஐவின்னு சொல்ல மாட்டாங்க, சொல்லணும்னு எதிர்பாக்கவும் முடியாது, அதனால பொதுவா "தெனமும் போடுற வேற மாத்திரை ஏதாவது இருந்தா இத டாக்டர்ட்ட கேட்டுட்டு போடுங்க, ஒங்க விஷயத்த நான் கேக்கல"ன்னு மரியாதயா சொன்னா போதும்.

டிபி மருந்து ரிஃபாம்பிசின் இதுக்கு நேர் மாறு, என்சைம கூட்டி விட்டுரும், மாத்திரை போட்டும் வேல செய்யல. அந்த ஆளு என்ன செய்வாரு, ஒண்ண ரெண்டாக்குவாரு. அப்புறம் டிபி கோர்ஸ் முடியும், ரெண்டு வாரத்துல கல்லீரல் பழைய நெலைக்கு வந்துரும், அவரு மட்டும் ரெண்டு மாத்திரைலயே நிப்பாரு. இத சொல்லிக் குடுக்க யாருமே இல்ல, பாத்துக்கிடுங்க.

"வேல செய்யல, இன்னொண்ணு குடுங்க"ன்னு திரும்பி வர்றவங்ககிட்ட இன்னொண்ணும் கேளுங்க, என்ன சாப்புட்டு போட்டாருன்னு. புரோட்டாவும் பீஃபும் வயிறு முட்ட தின்னுட்டு சில்டெனாஃபில் போட்டா அது ரத்தத்துல ஏறவே ஒரு மணி நேரம் கூட ஆகும். அது தெரியாம அடுத்தத முழுங்கிருவாங்க, அப்புறம் ரெண்டும் சேந்து வேல செய்யும். ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கிடையாது. நாலு மணி நேரத்துக்கு மேல விறைப்பு எறங்கலன்னாலோ, திடீர்னு ஒரு கண்ணு மங்கினாலோ காது கேக்காம போனாலோ வெக்கப்படாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இதையும் சொல்லி விடுங்க.

காம்பினேஷன் மாத்திரை வேற வந்து கெடக்கு, சில்டெனாஃபிலோட டபோக்செடின் சேத்தது, டபோக்செடின்ங்கிறது விந்து சீக்கிரம் வெளியேறாம இருக்க குடுக்குற மருந்து. வாங்குறவருக்கு அது ரெண்டு மருந்துன்னே தெரியாது. டபோக்செடின் மனச்சோர்வுக்கு போடுற மாத்திரையோடயும், வலிக்கு போடுற டிரமடாலோடயும், மேல சொன்ன இட்ராகோனசோலோடயும் சேரக்கூடாது, இதய நோய் உள்ளவங்களுக்கு கூடாது, சாராயத்தோட சேந்தா மயக்கம் வரும். யாராவது "நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு"ன்னு கேட்டா இத எடுத்து நீட்டாதீங்க அண்ணாச்சி.

அப்புறம் லேகியம். நம்ம மாவட்டம் வைத்தியத்துக்கு பேர் போன மண்ணு, வர்ம ஆசான்மாரு கைபட்டு எழுந்து நடந்தவங்கள நானே பாத்திருக்கேன், அவங்கள நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றது பேரு ஊரு இல்லாம டப்பால வர்ற பொடிய, அர மணி நேரத்துல வேல செய்யும்னு போஸ்டர் ஒட்டி விக்கிறத. வெறும் மூலிகன்னு வித்த பொருள எடுத்து சோதிச்சப்போ உள்ள சில்டெனாஃபிலோ டடாலாஃபிலோ கலந்திருந்ததா அமெரிக்க மருந்துத் துறை திரும்ப திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கு. மூலிகதானன்னு நெனச்சு நெஞ்சு நோயாளியும் அத திங்கிறாரு. உங்க கடைல அப்படி ஒண்ணு இருந்தா எடுத்து தூரப் போடுங்க.

இவ்வளவும் சொன்னதும் பயந்துபோயி எல்லாரையும் தொரத்திராதீங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவரு, பிபிக்கு அம்லோடிபின் லோசார்ட்டான் போடுறவரு, இவங்கள்ல பெரும்பாலானவங்க டாக்டர் சொல்லி இத போடலாம், பிரஷர் கொஞ்சம் எறங்கும் அவ்வளவுதான். அவங்கள பயமுறுத்தினா நடக்கிறது வேற, பிபி மாத்திரையாலதான் இந்த பிரச்சனன்னு அத நிறுத்திருவாங்க, பக்கவாதம் வந்து படுப்பாங்க. சில பிபி மாத்திரையால இது வரும்ங்கிறது நெசம்தான், அட்டெனலால் மாதிரி, ஆனா அத மாத்தி குடுக்க வேண்டியது டாக்டர், நிறுத்த வேண்டியது இவரு இல்ல.

சீட்டு இல்லாம விக்கவே கூடாது, இது ஷெட்யூல் எச் மருந்துன்னு சட்டம் சொல்லுது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், சீட்டோட குடுக்கிறதுதான் சரி. சீட்டு இல்லாம வர்றவர டாக்டர்கிட்ட அனுப்புங்க, அதுவும் சும்மா "சீட்டு கொண்டா"ன்னு வெரட்டாம, காரணத்தோட அனுப்புங்க. ஆணுறுப்புல இருக்கிற ரத்தக் குழாய் இதயக் குழாய விட சின்னது, அடைப்பு வந்தா மொதல்ல அங்கதான் காட்டும், நெஞ்சு வலி வர்றதுக்கு சில வருஷம் முன்னாடியே. சுகரும் பீடியும் உள்ள நாப்பத்தஞ்சு வயசுக்காரரு இந்த மாத்திரை கேட்டு வந்தா, அவரு இதயத்த ஒருக்கா பாத்துக்க வேண்டிய நேரம் வந்துட்டுன்னு அர்த்தம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல போய் ஒரு ஈசிஜி, ஒரு சுகர் கொழுப்பு டெஸ்ட் எடுங்கன்னு நீங்க சொன்னா கேப்பாரு, ஏன்னா நீங்க அவருக்கு தெரிஞ்ச மனுஷன், தெனமும் பாக்குற மனுஷன்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. நுரையீரல் ரத்தக் குழாய் பிரஷருக்கும் இதே சில்டெனாஃபில், டடாலாஃபில்தான் மருந்து, பொம்பளைங்களுக்கும் சின்ன புள்ளைங்களுக்கும் எழுதுவாங்க. பிள்ளைக்கு சீட்டோட வர்ற ஒரு அம்மாகிட்ட கவுண்டர்ல யாரும் ஒரு மாதிரி சிரிச்சிரக் கூடாது, வேல பாக்குற புள்ளைங்களுக்கு சொல்லி வைங்க.

டிசம்பர் வருது, கல்ஃப்லருந்து லீவுக்கு ஆளுங்க வருவாங்க, கிறிஸ்மஸ், கல்யாணம், பார்ட்டி எல்லாம் ஒண்ணா வரும், இந்த மாத்திரையும் கூட போகும். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் ஒட்டிருங்க. வாய் தொறந்து கேக்க உங்களுக்கும் கூச்சமா இருக்கும், கவுண்டர்ல நிக்கிற தங்கச்சிக்கு இன்னும் கூச்சமா இருக்கும், அதனால கவுண்டர் கண்ணாடிக்கு கீழ, பில்லு வைக்கிற இடத்துல, அவரு குனிஞ்சு காசு எண்ணும்போது கண்ணுல படுற மாதிரி ஒட்டுங்க, மாத்திரைய நீட்டும்போது விரல அதுமேல வச்சு காட்டினா போதும். பெரிய எழுத்துல இப்படி எழுதுங்க:

"சார்பிட்ரேட் போன்ற நெஞ்சுவலி மாத்திரை போடுபவர்கள், ஆண்களுக்கான மாத்திரையை வாங்கக் கூடாது. மூத்திரத்துக்கு, படர்தாமரைக்கு, டிபிக்கு மருந்து எடுப்பவர்கள் எங்களிடம் சொல்லவும். இந்த மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்தால் சார்பிட்ரேட் வைக்காமல் 108ஐ அழைத்து, மாத்திரையின் பெயரைச் சொல்லவும். நீங்கள் சொல்வது எங்களோடு இருக்கும்."

இப்படிக்கு,
தக்கலை பக்கத்துலருந்து ஒரு ரிட்டயர்டு நர்ஸ்